அஞ்சறைப்பெட்டியும் மெடிக்கல் ஷாப்பும்

பத்து மாதக் குழந்தைக்கு வாய் நோகிறது என்றால் நம் வீடுகளில் இரண்டு அலமாரிகள் திறக்கும். ஒன்று வீட்டுக்குள் இருப்பது: தேன், மாசிக்காய், வசம்பு, கடுக்காய், சில வீடுகளில் பொரித்த வெண்காரமும். மற்றது தெருமுனை மெடிக்கலில் இருப்பது: ஈறில் தடவும் ஜெல், கிளிசரினில் கரைத்த மருந்து, பாரசிட்டமால் சொட்டு. மாமியார் முதல் அலமாரியின் கட்சி, மருமகள் இரண்டாவதன் கட்சி என்று பேசுவது வழக்கம். நடப்பில் அப்படிப் பிரிவதே இல்லை. காலையில் மாசிக்காய் உரைத்துத் தடவிய பாட்டியே மாலையில், “மெடிக்கல்ல ஏதாவது ஜெல்லு வாங்கிட்டு வாப்பா, பிள்ள துடிக்குது” என்று மகனை அனுப்புகிறார். ஒரே ஈறின்மேல் இரண்டு வைத்தியமும் ஏறுகின்றன.

இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பேசுகிறவர்கள் எடுத்த எடுப்பில் “இயற்கை”, “கெமிக்கல்” என்று கோடு கிழித்துவிடுவார்கள். அந்தக் கோடு எதற்கும் உதவாது. வெண்காரம் எந்த மரத்திலும் காய்ப்பதில்லை. அது போரான் சேர்ந்த உப்பு. மெடிக்கலில் விற்கும் ஜெல்லின் சாலிசிலேட்டோ வில்லோ மரப்பட்டையின் மருந்தோடு உறவுடையது. ஆகவே வேறு மூன்று கேள்விகளால் அளந்து பார்க்கலாம். இந்த மருந்து எந்தப் புண்ணுக்கு? குழந்தை அதை விழுங்கிவிட்டால் என்ன ஆகும்? கெடுதல் நேர்ந்தால் அதை யார் கணக்கு வைப்பார்?

முதல் கேள்வியிலேயே இரண்டு அலமாரிகளும் சறுக்குகின்றன. வாயில் நோவு என்றால் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: “பல்லு மொளைக்குது.” எச்சில் வடிந்தால் பல். காய்ச்சல் என்றால் பல். வயிற்றால் போனால் பல். இரவில் அழுதால் பல். பல் முளைக்கும் காலம் ஏறத்தாழ 6 மாதத்தில் தொடங்கி, 20 பால் பற்களும் வந்து முடிய இரண்டரை, மூன்று வயது ஆகிவிடும். அந்த இரண்டரை ஆண்டுகளில் எந்த நாளைத் தொட்டாலும் ஏதோ ஒரு பல் வந்துகொண்டோ வரப்போவதாகவோ இருக்கும். எந்த நோயையும் அதன் தலையில் கட்டிவிடலாம், மறுக்க ஆளில்லை.

2000-ஆம் ஆண்டில் இரண்டு ஆய்வுகள் இந்தப் பழியைச் சோதித்துப் பார்த்தன. அமெரிக்காவில் க்ளீவ்லாந்து கிளினிக் மருத்துவர்கள் 125 குழந்தைகளின் பெற்றோரை நாள்தோறும் குறிப்பு எழுத வைத்தார்கள். 475 பற்கள் முளைத்தன. பல் வெளிவருவதற்கு 4 நாள் முன்பிருந்து 3 நாள் பின்பு வரை, மொத்தம் 8 நாட்களுக்குக் கடித்தல், எச்சில் வடிதல், ஈறைத் தேய்த்தல், சிணுங்கல் ஆகியவை சற்றே கூடின. உடற்சூடும் கொஞ்சம் ஏறியது. காய்ச்சல் என்று சொல்லும் அளவுக்கு ஏறவில்லை. பேதிக்கும் பல்லுக்கும் தொடர்பு தெரியவில்லை. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் பகுதிக் காப்பகங்களில் 21 குழந்தைகளை அன்றாடம் பார்த்து, 90 பற்கள் முளைத்ததைப் பதிவு செய்த ஆய்வோ, கவனித்த எந்த அறிகுறிக்கும் பல் முளைப்புக்கும் உறுதியான தொடர்பில்லை என்றே முடித்தது. முதல் ஆய்வில் எந்த ஓர் அறிகுறியும் பல் முளைத்த குழந்தைகளில் 35 சதவீதத்துக்கு மேல் காணப்படவில்லை. அதாவது எந்த ஓர் அறிகுறியை வைத்தும் பல் வருகிறது என்று அடித்துச் சொல்லிவிட முடியாது.

பிறகு அந்த வயதில் ஏன் இத்தனை காய்ச்சலும் பேதியும்? தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குறைவதும், குழந்தை தவழ ஆரம்பிப்பதும், தரையில் கிடப்பதை எல்லாம் வாயில் போடுவதும், பால் தவிர மற்ற ஆகாரம் தொடங்குவதும் அதே ஆறாம் மாதத்தை ஒட்டித்தான். பல் அங்கே வெறும் சாட்சி. குற்றவாளிக் கூண்டில் ஏற்றி வைத்திருக்கிறோம்.

இந்தப் பழக்கம் ஆபத்தாவது எப்போது என்றால், உண்மையில் நோய் இருக்கும்போது. 1992-இல் அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவர்கள், பல் முளைக்கும் தொல்லை என்று பெற்றோர் சொன்ன 20 குழந்தைகளின் வாயில் ஹெர்ப்பிஸ் வைரஸ் உண்டா என்று சோதித்தார்கள். 9 பேரிடம் இருந்தது. அந்த வைரஸ் முதன்முறை தாக்கும்போது ஈறு முழுக்கச் சிவந்து வீங்கும், தொட்டால் ரத்தம் கசியும், நாக்கிலும் உதட்டின் உட்புறத்திலும் சின்னச் சின்னக் கொப்புளங்கள் வந்து உடைந்து புண்ணாகும், காய்ச்சல் அடிக்கும், வாய் நாறும், தண்ணீர்கூட இறங்காது. ஆற 10 முதல் 14 நாள் ஆகும். 1997-இல் இஸ்ரேலில் நடந்த சோதனையில், நோய் தொடங்கிய மூன்று நாளுக்குள் அசைக்ளோவிர் கொடுத்த குழந்தைகளுக்கு வாய்ப்புண் ஏறத்தாழ 4 நாளில் ஆறியது. கொடுக்காதவர்களுக்கு 10 நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளைத்தான் “பல்லு மொளைக்குது” என்று சொல்லி நாம் கழித்துவிடுகிறோம். மாசிக்காய் தடவினாலும் ஜெல் தடவினாலும் கழிகிற நாள் ஒன்றுதான்.

வாயைத் திறந்து பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். பல் முளைக்கிற ஈறு ஒரே இடத்தில் தடித்திருக்கும். மற்ற இடம் எல்லாம் சாதாரணமாக இருக்கும். கன்னத்தின் உட்புறத்திலும் நாக்கிலும் தயிர்த் திப்பி போல வெள்ளை படிந்து, துணியால் துடைத்தும் போகாவிட்டால், அழுத்தித் துடைக்கையில் அடியில் செந்தோல் தெரிந்தால், அது பூஞ்சை. நம் வீடுகளில் அக்கரம் என்பார்கள், நாக்கில் மாவு படிஞ்சிருக்கு என்பார்கள். நாக்கில் மட்டும் படிந்து, துடைத்ததும் போய்விட்டால் அது வெறும் பால். வாயோடு உள்ளங்கை, உள்ளங்கால், பிட்டம் ஆகிய இடங்களிலும் கொப்புளம் என்றால் கை கால் வாய் நோய். 2022-இல் கேரளத்தின் கொல்லத்தில் தொடங்கி “தக்காளி காய்ச்சல்” என்று செய்திகளில் அடிபட்டதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்று பின்னர் பேசப்பட்டது. பெயர்தான் பயமுறுத்தியது, பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் தானாகவே அடங்கிவிடும்.

இனி அலமாரிகளுக்குள் கை விடலாம்.

வீட்டு அலமாரியில் முதலில் நிற்பது தேன். பிறந்த குழந்தைக்குச் சேனை தொட்டு வைப்பதிலிருந்தே அது தொடங்கிவிடுகிறது. எந்த மருந்தைக் குழைத்தாலும் தேனில்தான் குழைப்பார்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. தேனில் க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம். பெரியவர்கள் வயிற்றில் அவை முளைப்பதில்லை. பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு கக்கும். மலச்சிக்கலில் தொடங்கி, அழுகை மெலிந்து, கழுத்து துவண்டு, மூச்சுத் தசை வரை செயலிழக்கலாம். 1976-இல் கலிபோர்னியாவில் இதைத் தனி நோயாக அடையாளம் கண்டார்கள். காய்ச்சினால் கொல்ல முடியாத வித்து அது. ஒரு வயது தாண்டிய பிறகு தேன் தடவுவதில் இந்தப் பயம் இல்லை.

அடுத்தது மாசிக்காய். பெயரில் காய் இருந்தாலும் அது ஒருவகை ஓக் மரத்தில் பூச்சி துளைத்த இடத்தில் திரளும் கட்டி. துவர்ப்பு மிகுந்தது. புண்ணின் மேற்பரப்பைச் சுருக்கி இறுக்குகிற அந்தத் துவர்ப்புதான் அதன் வேலை. ஆய்வுக்கூடத் தட்டில் அதன் சாறு கிருமிகளை அடக்குவதைக் காட்டிய சோதனைகள் உண்டு. தட்டிலிருக்கும் கிருமிக்கு எச்சில் கிடையாது, பால் கிடையாது, விழுங்குகிற தொண்டையும் கிடையாது. குழந்தையின் வாயில் எவ்வளவு தங்கும், எவ்வளவு உள்ளே போகும் என்பது உரைக்கிறவர் கைப்பழக்கத்தைப் பொறுத்தது. மாசிக்காயைத் தனியே எடுத்துக் கெடுதல் என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது. உரைகல்லும், அதைக் கழுவிய தண்ணீரும், தடவிய விரலும்தான் எனக்குக் கூடுதல் கவலை. வெந்து கிடக்கும் வாயில் சுருக்கென்று பிடிக்கும் துவர்ப்பு மருந்தை அழுத்தித் தேய்ப்பது வலிக்கு வலி சேர்ப்பது.

வசம்பைப் பிள்ளை வளர்ப்பான் என்றே அழைக்கிறோம். அதில் உள்ள ஆசரோன் என்ற பொருள் எலிகளில் புற்றுநோய் உண்டாக்கியது தெரிந்து, 1968-லேயே அமெரிக்காவில் உணவில் அதைச் சேர்க்கத் தடை போட்டார்கள். சுட்ட கரியைத் தொப்புளைச் சுற்றித் தடவுவது வேறு, நாக்கில் வைப்பது வேறு. நம் வீடுகளில் இந்த வித்தியாசம் பார்ப்பதில்லை.

வெண்காரத்தைத் தனியாக நிறுத்த வேண்டும். அது இரண்டு அலமாரியிலும் இருக்கிறது. வீட்டில் பொரித்து, பொடித்து, தேனில் குழைத்துத் தடவுவார்கள். மெடிக்கலில் அதையே கிளிசரினில் கரைத்துப் புட்டியில் அடைத்து விற்பார்கள். வாய்ப்புண்ணுக்கு என்று கேட்டால் மறுபேச்சு இல்லாமல் எடுத்துத் தருவார்கள். நாட்டு வைத்தியம் வேண்டாம் என்று மெடிக்கலுக்குப் போன தாயும், இங்கிலீஷ் மருந்து வேண்டாம் என்று நாட்டு மருந்துக் கடைக்குப் போன தாயும் ஒரே உப்போடு வீடு திரும்பியிருப்பார்கள். பிரிட்டனிலும் இதே கதைதான். தேனும் வெண்காரமும் கலந்த மருந்தைச் சூப்பானில் தடவிக் குழந்தை வாயில் வைப்பது அங்கே பாட்டி காலத்துப் பழக்கம், கடையிலும் கிடைத்தது. 1983-இல் அங்கே வெளியான ஒரு மருத்துவக் கட்டுரை, அப்படிச் சில வாரங்கள் தொடர்ந்து தடவிய 7 குழந்தைகளுக்கு வலிப்பு வந்ததை எழுதியது. மருந்தை நிறுத்தியதும் வலிப்பு நின்றது. ஒரு நாள் தடவியதால் வந்ததல்ல அது. உடம்பிலிருந்து மெல்லக் கழிகிற பொருளை நாள்தோறும் சேர்த்துக்கொண்டே போனதால் வந்தது.

இப்போது ஜெல். நம் ஊர்க் கடைகளில் வாய்க்கான ஜெல்களில் பெரும்பாலும் கோலின் சாலிசிலேட் இருக்கும். சிலவற்றில் மரத்துப்போகச் செய்யும் லிடோகெயின் சேர்ந்திருக்கும். பெரியவர்கள் நாக்குப் புண்ணுக்குப் போட்டு, ஐந்து நிமிடம் எச்சிலைத் துப்பிக்கொண்டிருப்பதற்கான மருந்து அது. குழந்தைக்குத் துப்பத் தெரியாது. தடவியது எல்லாம் உள்ளேதான் போகும். சாலிசிலேட் என்பது ஆஸ்பிரினின் இனம். வைரஸ் காய்ச்சல் உள்ள குழந்தைக்கு ஆஸ்பிரின் கொடுத்தால் மூளையும் ஈரலும் பாதிக்கும் ரெய்ஸ் நோய் வரக்கூடும் என்று பல ஆண்டுகளாக எச்சரிக்கை இருக்கிறது. அந்த அச்சத்தை முன்னிட்டு 2009-இல் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இந்த ஜெல்லை 16 வயதுக்கு உட்பட்டோர்க்குப் போடக் கூடாது என்று அறிவித்தது. லிடோகெயின் கரைசலை விழுங்கிய சிறு குழந்தைகளுக்கு வலிப்பு, இதயக் கோளாறு, சில மரணங்கள் என்று 22 பாதிப்புகள் தொகுக்கப்பட்டு, 2014-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதன் மிகக் கடுமையான எச்சரிக்கையை லேபிளில் ஏற்றச் சொன்னது. அங்கே புழங்கிய இன்னொரு மருந்து பென்சோகெயின். அது ரத்தச் சிவப்பணுவை ஆக்சிஜன் சுமக்க முடியாதபடி மாற்றிவிடக் கூடும்; உதடும் நகமும் நீலம் பாரிக்கும். 2011-இல் எச்சரித்தார்கள், 2018 மே மாதம், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பல் நோவுக்கென்று அதை விற்பதையே நிறுத்தச் சொன்னார்கள்.

சரி, ஆபத்து இருந்தாலும் பலன் உண்டா? மெல்போர்னின் அரச குழந்தைகள் மருத்துவமனையில் வாய்ப்புண்ணால் சாப்பிட மறுத்த 100 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு லிடோகெயினும் மறுபாதிக்கு மருந்தில்லாத போலிக் கரைசலும் தடவிப் பார்த்தார்கள். எது எது என்று கொடுத்தவருக்கும் தெரியாது. அடுத்த ஒரு மணி நேரத்தில் குழந்தைகள் குடித்த தண்ணீரின் அளவில் லிடோகெயின் எந்த வெற்றியும் காட்டவில்லை. 2014-இல் வெளியான ஆய்வு இது. ஜெல்லின் கட்சிக்காரர்கள் இதற்கு இன்றுவரை பதில் சொன்னதாக நான் படிக்கவில்லை. எச்சில் வெள்ளமாக ஓடும் வாயில் தடவிய களிம்பு எத்தனை நிமிடம் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று யோசித்தாலே போதும்.

ஹோமியோபதி “பல் மாத்திரை” இரண்டு அலமாரிக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பது. ஒன்றுமே இல்லாத அளவுக்கு நீர்த்தது, ஆகவே தீங்கில்லை என்பது அதற்கான வாதம். அமெரிக்காவில் விற்ற சில மாத்திரைகளைச் சோதித்தபோது பெல்லடோனாவின் அளவு மாத்திரைக்கு மாத்திரை மாறியது. லேபிளில் சொன்னதைவிடக் கூடியும் இருந்தது. 2017-இல் அவை திரும்பப் பெறப்பட்டன.

இந்த இடத்தில் வீட்டு வைத்தியக் கட்சி வெற்றிச் சிரிப்பு சிரிக்கலாம். மருந்துக்கடையின் பழைய வரலாற்றைப் பார்த்தால் இன்னும் உரக்கச் சிரிக்கலாம். ஐரோப்பாவில் 16-ஆம் நூற்றாண்டில் ஆம்ப்ருவாஸ் பாரே என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் குழந்தையின் ஈறைக் கீறிப் பல்லுக்கு வழி விடச் சொன்னார். அந்தக் கீறல் 19-ஆம் நூற்றாண்டு முழுவதும் நடந்தது. இங்கிலாந்தின் மரணப் பதிவேடுகளில் “பல் முளைப்பு” என்பதே சாவுக்குக் காரணமாக எழுதப்பட்டது. 1849-இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் விற்பனைக்கு வந்த “மிஸஸ் வின்ஸ்லோவின் சூத்திங் சிரப்” பல் நோவும் அழுகையும் நிற்கும் என்று சத்தியம் செய்தது. நின்றது உண்மை, அதில் மார்ஃபின் இருந்தது. சில குழந்தைகள் மறுபடி கண் விழிக்கவில்லை. 1911-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் அதைக் குழந்தைக் கொல்லி என்றே எழுதியது. அதன் பிறகும் அந்தச் சிரப் சில ஆண்டுகள் விற்றது.

பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பல் பொடி என்று தாய்மார்கள் கொடுத்ததில் கலோமெல் இருந்தது. பாதரசத்தின் உப்பு அது. சித்த மருத்துவத்தில் பூரம் என்று வழங்குவதும் இதைத்தான். அந்தப் பொடி தின்ற குழந்தைகளில் சிலர், கை கால் இளஞ்சிவப்பாகி, தோல் உரிந்து, வெளிச்சம் கூசி, ஓயாத வேதனையில் அழுதார்கள். இளஞ்சிவப்பு நோய் என்று பெயர் வைத்து, காரணம் தெரியாமல் பல ஆண்டுகள் திண்டாடினார்கள். வைரஸ் என்றார்கள், சத்துக் குறைவு என்றார்கள். 1940-களின் கடைசியில் அமெரிக்காவில் ஜோசப் வார்கனியும் அவர் உடன் பணியாற்றியவரும் அந்தக் குழந்தைகளின் சிறுநீரில் பாதரசம் இருப்பதைக் கண்டு சொன்னார்கள். 1950-களில் பொடியிலிருந்து கலோமெலை எடுத்ததும் நோய் மறைந்தே போனது. நோவுக்குக் கொடுத்த மருந்தே நோயாக இருந்திருக்கிறது.

ஆனால் கவனியுங்கள், மேலே நான் அடுக்கிய ஆண்டுகள் எல்லாம் எங்கிருந்து வந்தன? மருந்துக்கடையின் தப்புகள் எழுதி வைக்கப்பட்டிருப்பதால் வந்தன. புட்டியில் பெயர் இருக்கிறது, உள்ளடக்கம் இருக்கிறது, தொகுதி எண் இருக்கிறது. யாரோ ஒரு மருத்துவர் ஏழு குழந்தைகளைப் பார்த்துக் கட்டுரை எழுதுகிறார், யாரோ 22 பாதிப்புகளைத் தொகுக்கிறார், ஓர் அரசு அமைப்பு வெட்கத்தை விட்டு நிறுத்தச் சொல்கிறது. மூன்றாவது கேள்விக்கு இந்த அலமாரியிடம் பதில் இருக்கிறது. வீட்டு அலமாரியிடம் இல்லை. தேன் தடவிய குழந்தை பிறகு துவண்டு போனால் “தோஷம்” என்கிறோம், “செவ்வாப்பு” என்கிறோம். தடவியதோடு யாரும் முடிச்சுப் போடுவதில்லை. நூறு பிள்ளைகளை வளர்த்த அனுபவம் என்று சொல்லும்போது அந்த நூறில் வளராமல் போனவர்கள் கணக்கில் வருவதில்லை. “எங்க காலத்துல இதெல்லாம் தடவித்தான் வளர்ந்தீங்க” என்ற பேச்சைச் சொல்வதும் கேட்பதும் பிழைத்தவர்கள் மட்டுமே. பாட்டி வைத்தியத்தின் மேல் எனக்குள்ள பெரிய குறை இது ஒன்றுதான். அதன் மருந்துகள் எல்லாமே நஞ்சு என்பதல்ல.

நம் ஊர் மெடிக்கலுக்கும் இந்தப் பெருமையை முழுசாகக் கொடுத்துவிட முடியாது. லண்டனில் 16 வயது வரை வேண்டாம் என்ற ஜெல், நம் தெருவில் சீட்டு இல்லாமல் கிடைக்கிறது. குழந்தைக்கு வயது என்ன என்று கேட்கிற கடைக்காரர் அபூர்வம். லேபிளில் எழுத்து எறும்பு அளவில், அதுவும் ஆங்கிலத்தில். கணக்கு எங்கோ எழுதப்படுகிறது, நம் கவுன்டர் வரை வந்து சேர்வதில்லை.

அப்படியானால் இரண்டு அலமாரியையும் சாத்திவிடலாமா என்றால், இல்லை. ஒவ்வொன்றிலும் உருப்படியான சரக்கு இருக்கிறது. விளம்பரத்தில் வராத சரக்கு.

மருந்துக்கடையில் இரண்டு. பூஞ்சைக்கு நிஸ்டாடின் சொட்டு அல்லது க்ளோட்ரிமசோல் மருந்து. மருத்துவர் பார்த்துச் சொன்ன நாள் வரை, வெள்ளை மறைந்த பிறகும் சில நாள் போட வேண்டும். பால் கொடுக்கும் தாயின் முலைக்காம்பிலும் எரிச்சல், செம்மை இருந்தால் அவருக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைக்கும் தாய்க்கும் மாறி மாறித் தொற்றிக்கொண்டே இருக்கும். பால் புட்டி, சூப்பான் எல்லாவற்றையும் கொதிநீரில் போட வேண்டும். ஈரத்துணியைச் சுற்றி உப்பு தொட்டு நாக்கை வழிப்பது பூஞ்சையை எடுக்காது; தோலை எடுக்கும்.

இன்னொன்று பாரசிட்டமால். வாய்ப்புண்ணில் வலியை நிஜமாகக் குறைத்துத் தண்ணீர் குடிக்க வைப்பது அதுதான். ஒரு வேளைக்குக் குழந்தையின் எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம்; இரண்டு வேளைக்கு நடுவே 6 மணி நேரம்; நாளுக்கு 4 வேளைக்கு மேல் கூடாது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம்; சிரப்பில் 5 மில்லியில் 125; இன்னொரு சிரப்பில் 5 மில்லியில் 250. 8 கிலோ குழந்தைக்கு 120 மில்லிகிராம் என்றால் சொட்டில் 1.2 மில்லி, முதல் சிரப்பில் கிட்டத்தட்ட 5 மில்லி, இரண்டாவதில் 2.4 மில்லி. “போன தடவை 5 மில்லி கொடுத்தோம்” என்ற நினைப்பில் சொட்டு மருந்தை 5 மில்லி ஊற்றினால் நான்கு மடங்கு போய்விடும். வீட்டு ஸ்பூனால் அளக்காமல், புட்டியோடு வரும் அளவுக் குழலால் அளக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் இருந்தாலே மருந்து கொடுத்துப் பார்க்கிற வேலை வேண்டாம், நேரே மருத்துவமனைதான்.

வீட்டு அலமாரியின் உண்மையான பலம் அதன் மருந்துப் பெட்டியில் இல்லை. சாப்பாட்டிலும் மடியிலும் இருக்கிறது. வாய் வெந்த குழந்தைக்கு ஆபத்து புண்ணால் வருவது குறைவு. நீர் வற்றுவதால் வருவதே அதிகம். மருத்துவமனையில் சேர்க்கப்படுவதற்கும் பெரும்பாலும் அதுவே காரணம். ஒரு மணி நேரம் மடியில் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் என்று விடாமல் ஊட்ட எந்தப் புட்டியாலும் முடியாது; பாட்டியால் முடியும். தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்கு அதையே அடிக்கடி. ஆறு மாதம் தாண்டியவர்களுக்கு ஆறிய கஞ்சி, உப்பு குறைத்த குளிர்ந்த தயிர்சாதம், மசித்த வாழைப்பழம். ஒரு வயதுக்கு மேல் என்றால் தோல் நீக்கி மசித்த நுங்கு. வெந்த வாயில் நுங்கு இறங்குகிற மாதிரி வேறெதுவும் இறங்காது. கோடையில் வாய்ப்புண் வந்த குழந்தை அந்த மட்டுக்குப் பாக்கியசாலி. ரசம், எலுமிச்சை, ஆரஞ்சுச் சாறு, ஊறுகாய்த் தண்ணீர் வேண்டாம், எரியும். மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்துக் கொடுப்பதைப் புண்ணுக்கு மருந்தென்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் காரமில்லாத, கொழகொழவென்று இறங்குகிற நல்ல ஆகாரம் அது. சாப்பாடாகக் கொடுங்கள்.

பல் நோவுக்கு வீட்டிலேயே எல்லாம் இருக்கிறது. கழுவிய விரலால் ஈறை மெல்ல அழுத்தித் தேய்ப்பது, சுத்தமான வெள்ளைத் துணியை நனைத்துக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்துக் கடிக்கக் கொடுப்பது. ஐஸாக உறைந்தது வேண்டாம், ஈறைப் புண்ணாக்கும். கேரட் துண்டு, ரஸ்க் கடிக்கக் கொடுக்கிறார்கள். ஒரு துண்டு உடைந்து தொண்டையில் அடைத்தால் பல் நோவு பெரிய விஷயமாக இருக்காது. கழுத்தில் மாட்டும் ஆம்பர் மணி மாலை இப்போது ஆன்லைனில் வந்து இறங்குகிறது. கழுத்தை நெரிக்கும், மணி உதிர்ந்தால் அடைக்கும் என்று 2018-லேயே எச்சரித்துவிட்டார்கள்.

வீட்டு அலமாரியின் பக்கத்திலேயே இன்னொரு கதவும் உண்டு: தொக்கம் எடுக்கிற வீடு. சாப்பிட மறுக்கும் குழந்தையின் தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று தூக்கிக்கொண்டு போவார்கள். வயிற்றை அழுத்தி, வாயில் ஊதி, எதையோ எடுத்துக் காட்டுவார்கள். வாய் முழுக்கப் புண்ணோடு இருக்கிற குழந்தையை அங்கே கொண்டுபோவது கொடுமை. இதற்கு நியாயம் பேச என்னிடம் எதுவும் இல்லை.

ஆக, என் தீர்ப்பு இது. தடவுகிற மருந்து எதுவானாலும், கல்லில் உரைத்ததோ குழலில் பிதுக்கியதோ, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் ஈறுக்கு வேண்டாம். அந்த ஒன்றில் இரண்டு அலமாரியும் சமமாகத் தோற்கின்றன. நோயைக் கண்டுபிடிக்க மருத்துவரிடமும், வலியை அளந்து குறைக்க மருந்துக்கடையிடமும், ஊட்டித் தேற்ற வீட்டிடமும் போக வேண்டும். இந்த மூன்றில் கடினமானது மூன்றாவதுதான். அதற்குத்தான் நாம் மிகக் குறைவாக மதிப்புக் கொடுக்கிறோம்.

வாயைத் திறந்து பார்த்த பிறகும் சந்தேகமாக இருந்தால் கீழ்க்கண்டவற்றை நினைவில் வையுங்கள். ஆறு முதல் எட்டு மணி நேரம் சிறுநீர் போகவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, கண் குழிந்திருக்கிறது, எழுப்பினாலும் சோர்ந்து விழுகிறது, காய்ச்சல் மூன்று நாள் தாண்டிவிட்டது, ஈறில் ரத்தம் கசிகிறது என்றால் எதையும் தடவிக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். போகும்போது இதுவரை வாயில் தடவிய எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போங்கள்: புட்டியோ, பொட்டலமோ. பாட்டி உரைத்துத் தடவியதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். குழந்தைக்கு என்ன கொடுத்தோம் என்பது மருத்துவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.